என்ன வயசு?

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்துவிட்டால் போதும்; வேறு எந்தச் சுகமும் வேண்டாம். மாயவரம் மயிலாடுதுறை ஆகி வெகு காலமாகிவிட்டது. 2020ல் தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது. என் வாய்தான் பழைய பெயரை விடமாட்டேன் என்கிறது. திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று ஒவ்வொன்றாக வந்து போகும். 2025 மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு நாள் அப்படிப் போய்க்கொண்டிருந்தேன். மேட்டூர் அணையை மூடியிருந்தார்கள். காவேரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. சம்பா அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருந்தன.

எனக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அபிப்பிராயம் சொல்வார்.

"நம்ம கலெக்டரை மாத்திட்டாங்களாம்யா."

"ஏனாம்?"

விஷயம் ஜில்லா முழுவதும் தெரிந்ததுதான். சீர்காழிப் பக்கத்தில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை, பதினெட்டு நிரம்பாத பையன் ஒருவன் பலாத்காரம் செய்து, முகத்தையும் காயப்படுத்திவிட்டான். அதற்குச் சில நாளைக்குள், குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே மாயவரத்தில் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஜில்லாவின் தலைமை அதிகாரி, அந்தக் குழந்தை அன்று காலையில் பையனின் முகத்தில் துப்பியிருக்கிறது, அதுவும் காரணமாக இருக்கலாம், இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்கிற கருத்தில் பேசிவிட்டார். நாடு கொதித்தது. அவரை மாற்றிவிட்டார்கள்.

"குழந்தைக்கு என்ன வயசு சொன்னே?"

"மூணரை."

"அடப் பாவிகளா!"

பஸ்ஸே சேர்ந்துகொண்டது. பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அவனை என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். ஐந்து நிமிஷம் அந்த பஸ்ஸில் இருந்த எல்லோரும் நல்லவர்களாக இருந்தோம்.

படிப்பவர் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் அதே மாதிரி ஒரு செய்தி, வேறு ஊர்.

"இதுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"ஓ" என்றார் மற்றவர். கண்டக்டர் குத்தாலம் டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விட்டார். பூக்காரம்மாள் பூவைச் சரி செய்துகொண்டாள்.

அந்த 'ஓ' என்னை விடவில்லை. வீடு திரும்பிய பிறகும் காதில் இருந்தது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நெல் அளக்கிறவன் மரக்காலைச் சாய்த்துப் பார்த்து, 'இவ்வளவுதானா?' என்று கேட்கிற தொனி. அவ்வளவுதான். அந்த மரக்கால் என் வீட்டிலும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்கெடுத்தாலும் வயது கேட்பது நமக்குச் சகஜம். சாவுக்குப் போனால் கூட முதலில் அதைத்தான் கேட்கிறோம். எண்பது என்றால் கல்யாணச் சாவு; தாரை தப்பட்டை, வேட்டு, சாப்பாடு. இருபது என்றால் தெருவே சோறு தின்னாது. இதில் ஒரு நியாயம் உண்டு. எண்பது வருஷம் வாழ்ந்தவருக்கு வாழ்க்கை கிடைத்துவிட்டது, இருபதுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒருத்தியின் உடம்பின் மேல் இன்னொருவன் பலாத்காரமாகக் கை வைத்தான் என்கிறபோதும் இதே கணக்கைப் போடுகிறோமே, அது எப்படிச் சரியாகும்? முப்பத்தெட்டு வருஷம் அந்த உடம்பில் வாழ்ந்துவிட்டாள் என்பதால் அது அவளுடையதாக இல்லாமல் போய்விடுமா?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் கிராமத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தை, மாசியில் அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் வருவார்கள். அறுத்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்குத் தீனி. நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வந்து, வாய்க்கால் கரையில் பட்டி போட்டு, ஓலைக்கீற்றில் குடிசை கட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். அந்த வருஷம் வந்த குடும்பத்தில் ஒரு பெண் இருந்தாள். நீளக் கழியை வைத்துக்கொண்டு, அரைப் பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, வாத்துக்களை அதட்டிக்கொண்டே போவாள். எனக்கு ஒரு முட்டையை ஓசியாகக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு நாள் சாயங்காலம் களத்து மேட்டில், வைக்கோல் போருக்குப் பின்னால், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடைய பிள்ளை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் அலறியதைக் கேட்டு இரண்டு ஆட்கள் ஓடியிருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கோவில் மண்டபத்தில் கூட்டம். எங்களைப் போன்ற வாண்டுகளைத் துரத்திவிட்டார்கள். நாங்கள் மதில் பக்கம் ஒளிந்துகொண்டு கேட்டோம். ஊர் கொதித்தது என்று சொன்னால் பொய். ஆனால் கூசிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "இது பச்சைக் குழந்தை ஐயா. இதைப் போலீஸுக்குச் சொல்லாவிட்டால் நாம் மனுஷர்களே இல்லை" என்றார். பையனின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எங்கள் ஊரில் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தலை நிமிர்வதற்குக் காரணமாக இருந்தவள் என் பாட்டி.

என் பாட்டி கெட்டவள் அல்ல. அந்தக் குடும்பத்துக்குத் தினமும் சாயங்காலம் ஒரு பாத்திரம் நிறையப் பழைய சோறு கொடுத்தவள். கொல்லைப்புறத்தில் அந்தத் தாயாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொண்ட ஒரு செய்தியைத்தான் அவள் அடுத்த வீட்டு மாமியிடம் சொன்னாள்: "குழந்தைங்கறாளே, அது உட்கார்ந்து ரெண்டு மாசமாச்சே! சடங்கு சுத்தக் காசில்லேன்னு அவ அம்மா என்கிட்டேதானே அழுதா."

அது மண்டபத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அரை நாழிகை. அதற்குப் பிறகு கூட்டத்தின் குரலே வேறாகிவிட்டது. "வயசுக்கு வந்த பொண்ணா? அதை எதுக்கு ஊரிலே உலாத்த விட்டே?" என்று அவள் தகப்பனைக் கேட்டார்கள். "பாவாடையை அப்படிச் செருகிக்கிட்டுப் போனா?" என்றார் ஒருவர். "நேத்து வரைக்கும் நீங்களும் அதைப் பார்த்தீங்களே" என்று வாத்தியார் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு கலம் நெல் அளந்து கொடுத்தார்கள். அன்று இரவே அவர்கள் வாத்துக்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் கரையில் கீற்றும் இறகும்தான் கிடந்தன.

அவளுக்கு வயது 12. திங்கட்கிழமை 12, செவ்வாய்க்கிழமையும் 12. ஆனால் திங்கட்கிழமை அவள் குழந்தை. செவ்வாய்க்கிழமை 'வயசுக்கு வந்தவள்'. இந்தச் சொற்றொடரை யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் அவளுக்கு வயதே இல்லையா? நாள், நட்சத்திரம் போட்டுப் பந்தல் கட்டி, ஊரைக் கூட்டிச் சொல்லுகிறோம்: இனிமேல் இவள் குழந்தை அல்ல. மஞ்சள் நீர் ஊற்றும் அந்த நாளில் தாவணியோடு பழியையும் சேர்த்துத்தான் போர்த்துகிறோம். அன்றிலிருந்து அவளுக்கு எது நேர்ந்தாலும் முதல் கேள்வி அவளுக்குத்தான்.

பையனுக்கும் ஒரு வயது உண்டே, அதை என்ன செய்தோம்? அவனுக்கு அப்போது இருபது, இருபத்தொன்று. "வயசுப் பிள்ளை, அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதாவது, வயது அவளுக்குக் குற்றச்சாட்டு, அவனுக்குச் சமாதானம். எங்கள் ஜில்லாவில் இதற்கு ஒரு வார்த்தையே உண்டு. சட்டத்தில் மைனர் என்றால் வயது நிரம்பாத பிள்ளை, பாதுகாக்கப்பட வேண்டியவர் என்று அர்த்தம். தஞ்சாவூர்ச் சீமையில் மைனர் என்றால் வேறு. மல் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, ஜவ்வாது வாசனை, அப்பன் சேர்த்த நிலம், கண்ட இடத்தில் கை நீட்டும் தைரியம். 'மைனர் வருகிறார்' என்று மரியாதையோடு எழுந்து நின்றிருக்கிறோம். மாயவரத்துக்கு அடுத்த மூவலூரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட இராமாமிர்தத்தம்மையார், சின்னஞ்சிறு பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க ஆயுள் முழுவதும் போராடியவர். 1936ல் அவர் எழுதிய நாவலின் பெயரிலேயே 'மதிபெற்ற மைனர்' என்று வருகிறது. மைனருக்கு மதி வர வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. நாமோ மைனருக்குச் சங்கிலியைப் போட்டுவிட்டு, பெண்ணுக்கு மதி சொல்லிக்கொண்டிருந்தோம்.

வாத்துக்காரப் பெண்ணுக்காவது ஒரு காலைப் பொழுது ஊர் கூசிற்று. பண்ணையாட்களின் தெருவில் இருந்த பெண்களுக்கு அதுவும் கிடையாது. அங்கே யாரும் வயதைக் கேட்டதில்லை, எதையுமே கேட்டதில்லை. 1940களில் பி. சீனிவாச ராவும் அவருடைய தோழர்களும் வந்து, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று அந்தத் தெருக்களில் சங்கம் வைத்த பிறகுதான், அங்கேயும் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் புரிய ஆரம்பித்தது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சட்டம் நம்மைப் போல் மஞ்சள் நீரைப் பார்க்கவில்லை, வருஷத்தை எண்ணிற்று. அதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? 1860ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பத்து வயது! பத்து வயது நிரம்பிய சிறுமி சம்மதிக்கக்கூடியவள் என்று வைத்தார்கள். கல்கத்தாவில் புல்மோனி என்ற குழந்தை, தன்னைவிட எத்தனையோ வயது மூத்த புருஷனால் ஓர் இரவில் செத்துப்போனாள். அவளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. ஆகையால் அது பலாத்காரம் ஆகவில்லை. அஜாக்கிரதையால் காயம் உண்டாக்கினான் என்ற அளவில் அவனுக்கு ஒரு வருஷம் சிறை. அந்தச் சாவு எழுப்பிய கூக்குரலில்தான் 1891ல் பத்தைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். அதற்கே, 'சாஸ்திரம் போச்சு, சமயம் போச்சு' என்று தேசம் முழுவதும் எதிர்ப்புக் கூட்டங்கள். திலகரே எதிர்த்தார். 1925ல் 14, 1949ல் 16, 2012ல் போக்சோ சட்டத்தில் 18. பத்திலிருந்து பதினெட்டுக்கு வர நமக்கு 152 வருஷம் பிடித்தது. கல்யாணமான சிறுமிக்கு அதுவும் இல்லை. புருஷனாக இருந்தால் 15 வயதே போதும் என்ற விதிவிலக்கு 2017 வரை உயிரோடு இருந்து, சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பில்தான் செத்தது.

சட்டம் வயதை எண்ணுவது அவசியம். சம்மதம் என்று ஒன்று இருக்க முடியுமா, முடியாதா என்று தீர்மானிக்க வேறு என்ன வழி? குழந்தை 'சரி' என்று சொன்னாலும் அது சரி அல்ல என்று சொல்லத்தான் அந்த எண். ஆனால் நாம் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வேறு இரண்டு காரியங்களுக்கு உபயோகிக்கிறோம். இவளை நம்பலாமா என்று அளக்கிறோம். இவளுக்காக எவ்வளவு வருத்தப்படலாம் என்றும் அளக்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் 1972ல் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் ஆதிவாசிப் பெண்ணை இரண்டு போலீஸ்காரர்கள் பாழாக்கிய வழக்கு, 'மதுரா வழக்கு' என்று பிரசித்தம். வைத்தியர் அவள் வயதை 14க்கும் 16க்கும் நடுவில் என்று மதிப்பிட்டார். செஷன்ஸ் கோர்ட்டோ, 16க்குள் என்று நிரூபணம் ஆகவில்லை என்றது. சம்மதம் என்ற கேள்வி அதோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்று சொல்லி 1978ல் சுப்ரீம் கோர்ட் இருவரையும் விடுவித்தது. மறு வருஷம் நான்கு சட்ட ஆசிரியர்கள் பிரதம நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதமும் அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் சேர்ந்து 1983ல் சட்டத்தைத் திருத்த வைத்தன. படிக்கும்போது எனக்கு எங்கள் கோவில் மண்டபம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் இதேதான் நடந்தது: முதலில் வயது விழுந்தது, பிறகு பாவாடையைப் பற்றிப் பேசினார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2018 ஜூலையில் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், காது மந்தமான 11 வயதுச் சிறுமியை மாதக்கணக்காகப் பலர் சீரழித்தது வெளியே வந்தது. 17 பேரைக் கைது செய்து கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது வக்கீல்களே அவர்களை அடித்தார்கள். அவர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கத்தில் சொன்னார்கள். 2020ல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷமே, 2019ல், பொள்ளாச்சி. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் வாலிபப் பெண்கள். மாணவர்கள் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே சமயம் திண்ணையிலும் டீக்கடையிலும் கேட்ட கேள்வி என்ன? "இதுங்க ஏன் அவனோட காரிலே போச்சு?" பதினொரு வயதுக் குழந்தையை அந்தக் கேள்வி யாரும் கேட்கவில்லை. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காக்க வேண்டியவர்களே வெளியிட்டார்கள். ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2025 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டத்திற்கும் இந்த மரக்கால் ஆசை விடவில்லை. 2018ல் ஜம்முப் பகுதியில் 8 வயதுக் குழந்தைக்கு நேர்ந்த கொடூரத்திற்குப் பிறகு செய்த திருத்தத்தில் படிப்படியாக வைத்தார்கள். 12க்குக் கீழ் என்றால் குறைந்தது இருபது வருஷம், தூக்கு வரை போகலாம். 16க்குக் கீழ் என்றால் குறைந்தது இருபது வருஷம், தூக்கு கிடையாது. அதற்கு மேல் என்றால் குறைந்தது பத்து. குழந்தைக்குச் செய்த கொடுமைக்கு அதிகத் தண்டனை என்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்தப் படிகளில் நாம் இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் நம்முடைய கோபத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துவிட்டு வருகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். கடைசிப் படிக்குக் கீழே யார் இருக்கிறாள் என்று நாம் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

அங்கே இருப்பவள் கிழவி.

2014ல் டில்லி ஹைகோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. செத்துப்போன அம்மாளுக்கு அறுபத்தைந்து, எழுபது வயது. கீழ்க்கோர்ட் ஒருவனைத் தண்டித்திருந்தது. ஹைகோர்ட் விடுதலை செய்தது. அப்போது எழுதிய காரணங்களில் ஒன்று, அந்த அம்மாள் மாதவிலக்கு நின்ற வயதைத் தாண்டியவள் என்பது. எங்கள் ஊரில் 'உட்கார்ந்துவிட்டாள்' என்பது எதிராகப் போயிற்று. டில்லியில் 'நின்றுவிட்டது' என்பது எதிராகப் போயிற்று. ஆரம்பித்தாலும் குற்றம், முடிந்தாலும் குற்றம் என்றால் ஒரு பெண் எந்த வயதில் பலாத்காரத்துக்கு ஆளாகலாம்?

இதைப் படித்துவிட்டு நீதிபதிகள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முப்பது வயது இருக்கும்போது கும்பகோணத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்குத் தயிர் கொண்டுவருகிற அம்மாளுக்கு 58 வயது. அவளுக்கு வயது எப்படித் தெரியும் என்றால், மகாமகக் கணக்கு வைத்திருந்தாள். எத்தனையாவது மகாமகத்துக்கு எத்தனை பல் இருந்தது என்று சொல்லுவாள். புருஷன் இல்லை, பிள்ளை பம்பாய்ப் பக்கம் போய்க் காணாமல் போய்விட்டான். ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் உதடு வீங்கி, கை கட்டுப் போட்டு வந்தாள். என் மனைவியைக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். சத்திரத்தில் காவலுக்கு இருந்தவன்.

என் மனைவி என்னிடம் சொன்னாள். நான் ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் செய்தி காபி கிளப்புக்கு வந்துவிட்டது. அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கிழவியையா?" என்றார் ஒருவர். "கிழவிக்குத்தான் என்ன அதிர்ஷ்டம்!" என்றார் இன்னொருவர். படித்தவர்கள், இலக்கியம் பேசுகிறவர்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து காபி குடித்தேன். சிரித்தேனா என்று கேட்காதீர்கள். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்க விரும்புகிறேன்.

அந்த உறுத்தல் போகவில்லை. ஆறு மாசம் கழித்து அதைக் கதையாக எழுதினேன். தயிர்ப்பானை, தாழ்வாரம், வீங்கிய உதடு, காபி கிளப்புச் சிரிப்பு எல்லாம் வைத்து எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பத்திரிகாசிரியர் நல்லவர்; என்னிடம் பிரியம் உள்ளவர். கதை திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். கதை அற்புதம், ஆனால் அந்த வயதில் வாசகர்கள் நம்பமாட்டார்கள், நம்பினாலும் அனுதாபம் வராது, அருவருப்புத்தான் வரும், வயதை மட்டும் குறைத்துக் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

நான் செய்த காரியம் மிகவும் சுலபமானது. 58 என்று எண்ணில் எழுதியிருந்தேன். ஐந்தை அடித்துவிட்டு ஒன்றைப் போட்டேன். 18 ஆகிவிட்டது. நரைத்த மயிரைக் கருப்பாக்கினேன். காணாமல் போன பிள்ளையை எடுத்துவிட்டு, காத்திருக்கும் முறைப் பையன் ஒருவனை வைத்தேன். கதை பிரசுரமாயிற்று. எனக்கு அதுவரை வராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் அழுதோம் என்று எழுதினார்கள். மீதிப் பேர், அவள் ஏன் இரவில் தனியாகத் தாழ்வாரத்தில் படுத்தாள் என்று கேட்டிருந்தார்கள். தயிர்க்கார அம்மாளை ஒருவரும் கேட்காத கேள்வி அது. வயதைக் குறைத்ததில் அவளுக்கு அனுதாபத்தோடு பழியும் சேர்ந்து கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். ஒரு நாள் தயிரை அளந்து ஊற்றிக்கொண்டே அந்த அம்மாள் கேட்டாள்:

"தம்பி, எங்கதையைப் புஸ்தகத்திலே போட்டிருக்கீங்களாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அது... கதைதாம்மா" என்றேன்.

"அதான். நானும் கேட்டேன். தயிர்ப்பானை, தாவாரமெல்லாம் நம்மளதா இருக்கு. ஆனா பொண்ணு சின்னப் பொண்ணு." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு தம்பி. சின்னப் பொண்ணுன்னாத்தான் அழுவாங்க. எனக்குன்னா யாரு அழுவா?"

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே, கதை சரியாக வந்திருக்கிறது என்று பாராட்டினாள். அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஊர் சிரித்ததையாவது அவள் கோபத்தோடு நினைத்திருப்பாள். அவளுக்கு நேர்ந்தது அவளுக்கு நேர்ந்ததாக இருக்கக்கூட உரிமை இல்லை என்று அவளையே ஒப்புக்கொள்ள வைத்தது என் கதை.

வெகு நாள் கழித்து, இந்த மரக்காலில் நாம் என்னதான் அளக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு எவ்வளவு வலித்தது, எவ்வளவு பயந்தாள், இனிமேல் எப்படித் தூங்குவாள் என்றெல்லாம் நாம் அளக்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று அளக்கிறோம். 'கற்பழிப்பு' என்றுதான் ரொம்ப நாள் பத்திரிகைகளில் எழுதினோம். என்ன வார்த்தை பாருங்கள்! அவன் செய்ததைச் சொல்லவில்லை. அவள் இழந்ததைச் சொல்லுகிறது. அதுவும் அவளுடையதாக அல்ல. அப்பன், அண்ணன், வரப்போகிற புருஷன் ஆகியோரின் பொக்கிஷமாக. குழந்தை என்றால் ஒன்றும் அறியாதது களங்கப்பட்டதே என்று நமக்குப் பதறுகிறது. கல்யாண வயதுப் பெண் என்றால், பெட்டியைப் பூட்டி வைக்காதவள் யார் என்று விசாரிக்கிறோம். குடும்பஸ்திரீ என்றால் புருஷன் முகத்தைப் பார்க்கிறோம். கிழவி என்றால் பெட்டி காலி. திருட என்ன இருக்கிறது என்று சிரிக்கிறோம். இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறார்கள். நீளமான வார்த்தைதான், ஆனால் நியாயமான வார்த்தை. அதில் எந்த வயதுக்காரிக்கும் இடம் இருக்கிறது.

குழந்தைகளுக்காவது நம் மனம் முழுதாக இரங்கும் என்று நான் எண்ணியிருந்தேன். மாயவரத்துக் கூட்டத்துக்குப் பிறகு அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. 'நீ என்ன செய்தாய்?' என்ற கேள்வியைக் கிழவியிடமும் குமரியிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், மூன்றரை வயதிடமும் கேட்டுவிட்டது. அந்த அதிகாரி ஒருவரை மாற்றிவிட்டால் தீரக்கூடிய விஷயமா இது? கேள்வியை முப்பத்தெட்டுக்கு அனுமதித்தால் அது பதினெட்டுக்கு வரும். பதினெட்டுக்கு விட்டால் பன்னிரண்டுக்கு வரும். கரையில் ஒரு இடத்தில் நண்டு வளை போட்டால், மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருக்கிறதே என்று காவேரிக்கரை விவசாயி சும்மா இருப்பானா?

தயிர்க்கார அம்மாள் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுடையது கல்யாணச் சாவு அல்ல. தப்பட்டை அடிக்க யாரும் இல்லை. அந்தக் கதை என் தொகுதிகளில் 18 வயதோடுதான் இருந்துவந்தது. சென்ற மாசம் பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். ஐந்தின் மேல் என் கோடு இன்னும் அழுத்தமாக இருக்கிறது. அடுத்த பதிப்புக்குக் கொடுக்கும்போது அந்த ஒன்றை அடித்துவிட்டு ஐந்தைத் திரும்பப் போட்டேன். நரையையும் காணாமல் போன பிள்ளையையும் திரும்ப வைத்தேன்.

அன்று பஸ் குத்தாலத்தில் நின்றபோது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஏறினாள். கண்டக்டர் குழந்தையைப் பார்த்து, "என்ன வயசும்மா?" என்றார். "நாலு" என்றாள். ஐந்துக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம் என்று அவர் நகர்ந்துவிட்டார். வயதைக் கேட்க வேண்டிய இடம் அது. அங்கே கேட்கட்டும்.